ஆவுடையம்மாளிடம் கொடுத்தனுப்பிய மந்திரம்

திருமேனி வாத்தியார் வேகமாக நடப்பவர். ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியாராக இருந்தவர் மெதுவாக நடந்தால்தான் ஆச்சரியம். கல்யாண வீடோ துக்க வீடோ, அவர் போய்ச் சேர்ந்து, உட்கார்ந்து, சட்டையில் வியர்வை காய்ந்த பிறகுதான் அவர் மனைவி ஆவுடையம்மாள் தெருமுனையில் தெரிவாள்.

"உங்க வீட்ல வரலையா?" என்று யாராவது கேட்டால், "பின்னால வருது" என்பார். வருகிறதா என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்தது கிடையாது.

ஓய்வு பெற்றதும் அவருக்கு ஞானத்தின் மேல் ஆசை வந்தது. அதையும் வேகமாகத்தான் தேடினார்.

எட்டயபுரத்துக்கு வெளியே கண்மாய்க்கரையில் ஒரு சாமி இருந்தார். வாத்தியாரைவிட வயதில் இளையவர். சடை கிடையாது, காவி கிடையாது. ஓர் ஓலைக் கொட்டகை, ஒரு கத்தரித் தோட்டம், அவ்வளவுதான் சொத்து. வாத்தியார் தினமும் விடியுமுன் அங்கே போய் நின்றுவிடுவார்.

"சாமி, எனக்கு எப்ப உபதேசம்?"

"ஆகட்டும்."

"நேத்தும் ஆகட்டும்னுதான சொன்னீக?"

"நேத்தும் ஆகட்டும்தான்."

வாத்தியாரின் கூட்டாளி பெரியதுரைக்கு வேறோர் இடத்தில் உபதேசம் கிடைத்துவிட்டது. அவர் இப்போதெல்லாம் டீக்கடை பெஞ்சில்கூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்காருகிறார். டீ வந்துவிட்டது என்று தொட்டு எழுப்ப வேண்டியிருக்கிறது. அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க வாத்தியாருக்கு வயிறு எரிந்தது. தனக்கோ எழுபது தாண்டிவிட்டது. காதில் ஒரு சொல் விழாமலே போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்று பயந்தார். உண்மையான பயம் அது. தூக்கத்தையும் சோற்றையும் கெடுத்தது.

ஆவுடையம்மாளுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. அவளுடைய ஆசை திருச்செந்தூருக்கு ஒரு தடவையாவது நடந்து போக வேண்டும் என்பது. ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடந்து போனால் புண்ணியம் கூடும், உபதேசமும் சீக்கிரம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, அந்த மாசியில் வாத்தியாரும் சரி என்றுவிட்டார்.

கிளம்புகிற அன்று இருவரும் சாமியிடம் சொல்லிக்கொள்ளப் போனார்கள்.

"திருச்செந்தூருக்கு நடந்தே போறோம் சாமி. இப்பவாவது..."

"உபதேசம்தான? இன்னைக்கே கொடுத்திருவோம்" என்றார் சாமி.

வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. சட்டென்று கீழே உட்கார்ந்தார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். வலது காதை நன்றாகக் காட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

காலடிச் சத்தம் கேட்டது. கிட்டே வந்தது. கடந்து போனது.

வாத்தியார் கண்ணைத் திறந்து பார்த்தார். ஆவுடையம்மாள் பாத்திக்கு நடுவில் உட்கார்ந்து கத்தரிப் பிஞ்சுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாமி அவள் பக்கத்தில் குனிந்து, காதில் என்னவோ சொன்னார். அவள் தலையை ஆட்டினாள்.

"சரிங்க சாமி."

"மறந்திராதீங்கம்மா."

"மாட்டேன் சாமி."

சாமி நிமிர்ந்து வாத்தியாரைப் பார்த்தார். "கொடுத்தாச்சு. திருச்செந்தூர்ல சன்னதிக்கு முன்னால நின்னு அம்மா உங்க காதுல சொல்வாக. அதுவரைக்கும் என்னன்னு கேக்கக் கூடாது."

"சாமி! இவ ஊறப்போட்ட அரிசியையே மறந்திருவா சாமி!"

சாமி தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்குப் போய்விட்டார்.

தூத்துக்குடி ரோட்டில் கால் வைத்ததும் வாத்தியாரின் கால்கள் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டன. விறுவிறுவென்று நடந்தார். பச்சை வேட்டி கட்டிய பாதயாத்திரைக் கூட்டம் ஒன்றை முந்தினார். இன்னொன்றையும் முந்தினார். அதற்குப் பிறகுதான் சட்டென்று அது நினைவு வந்தது. ரோட்டின் நடுவில் அப்படியே நின்றுவிட்டார்.

மந்திரம் பின்னால் வருகிறது.

திரும்பிப் பார்த்தார். ஆவுடையம்மாள் வெகு தூரத்தில், ஆடு மேய்க்கிற ஒரு பெண்ணோடு நின்று பேசிக்கொண்டிருந்தாள். பேச்சோடு பேச்சாக அதையும் சொல்லிவிட்டால்? முந்தின கூட்டங்கள் இரண்டும் வேடிக்கை பார்க்க, வந்த வழியே ஓடினார்.

"அவகூட என்ன பேச்சு?"

"அந்தச் செவலை ஆடு ரெட்டைக் குட்டி போட்டிருக்காம்."

"இருக்கா?"

"இருக்கு. ரெண்டும் கிடா."

"ஏட்டி, ஆட்டைக் கேக்கல. அது இருக்கா?"

"ஓ, அதுவா? இருக்கு, இருக்கு." முந்தானையின் நுனியை எடுத்துக் காட்டினாள். "மறக்கக் கூடாதுன்னு முடிச்சுப் போட்டு வச்சிருக்கேன்."

முடிச்சில் காசு நிற்கும், சாவி நிற்கும். சொல் நிற்குமா? வாத்தியாருக்கு நம்பிக்கை வரவில்லை. அவள் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் பக்கத்திலேயே நடக்க ஆரம்பித்தார். அவளுடைய நடைக்கு நடப்பது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. ஒரு காலை வைத்துவிட்டு மறுகாலுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

வெயில் ஏறியது. மண்டை காய்ந்தால் உள்ளே இருப்பதும் ஆவியாகிவிடாதா? குறுக்குச்சாலையில் ஒரு குடை வாங்கி, தானே பிடித்துக்கொண்டு வந்தார். நாய் குரைத்தது. பயந்தால் மறதி வரும் என்று கம்பை எடுத்துக்கொண்டு முன்னால் போய் நாயைத் துரத்திவிட்டு வந்தார். மைக் கட்டிய வண்டியோடு ஒரு பஜனைக் கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு வந்தபோது, அந்தச் சத்தம் மந்திரத்தை அடித்துக்கொண்டு போய்விடும் என்று தோன்றியது. கையெடுத்துக் கும்பிட்டு, "தம்பிகளா, கொஞ்சம் மெதுவா" என்றார். அவர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ராத்திரி வழியில் ஒரு சத்திரத்தில் உட்கார்ந்ததும் அவளுடைய முழங்காலுக்குத் தைலம் தேய்த்தார்.

"நீங்க போயி என் காலைத் தொட்டுக்கிட்டு..." என்று ஆவுடையம்மாள் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டாள்.

"காட்டு. வலி தலைக்கு ஏறிச்சுன்னா என் உபதேசம் என்னாகுறது?"

"அப்ப உபதேசத்துக்குத்தான் தைலமா?"

"பின்ன?"

அவள் சிரித்தாள். இவள் இப்படித் தோள் குலுங்கச் சிரிப்பாள் என்பதே வாத்தியாருக்கு மறந்து போயிருந்தது.

நடக்கும்போது அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கும். சொல்லைத்தான் உருப்போடுகிறாள். வாத்தியார் குடையைச் சரிசெய்கிற சாக்கில் காதைக் கொண்டுபோவார். உதடு மூடிக்கொள்ளும்.

"சின்னதா, பெருசா? அதையாவது சொல்லு."

"கேக்கக் கூடாதுன்னு சாமி சொல்லியிருக்காக."

"உன் பேச்சையெல்லாம் நான் கேட்டதே இல்ல. இதையாவது கேக்கலாம்னா விட மாட்டேங்கிறியே."

"அதை இப்பவாவது ஒத்துக்கிட்டீகளே" என்றாள் அவள்.

தூத்துக்குடியில் ஒரு கடை வாசலில் அவள் நின்றாள். வாத்தியாரும் நின்றார்.

"என்ன?"

"பன்னீர் சோடா."

"குடிக்கணுமா? கேக்க வேண்டியதுதான?"

"கல்யாணமான புதுசுல இதே ஊர்ல கேக்கலாம்னுதான் இருந்தேன். வாயத் திறக்குறதுக்குள்ள நீங்க பஸ் ஸ்டாண்டுக்கே போயிட்டீக."

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. இரண்டு சோடா வாங்கினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்து முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார். தன் சோடாவையும் அவளிடம் நீட்டினார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதற்கப்புறம் வழி நன்றாக இருந்தது. முக்காணிப் பாலத்தில் நின்று தாமிரபரணியைப் பார்த்தார்கள். தண்ணீரில் எருமைகள் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்தன. ஒவ்வோர் எருமையும் யார் சாயல் என்று ஆவுடையம்மாள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒன்று பெரியதுரை சாயல். கண்ணை மூடிக்கொண்டிருந்தது. வாத்தியார் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆத்தூரில் கொழுந்து வெற்றிலை வாங்கி இருவரும் போட்டுக்கொண்டார்கள். அவளுக்குத்தான் வாய் நன்றாகச் சிவந்தது.

ஆறுமுகநேரியில், உப்பளம் வெள்ளை வெளேரென்று கண் கூசியபோது, வாத்தியாருக்குத் திடுக்கென்றது. காலையிலிருந்து 'இருக்கா' என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"ஏட்டி, இருக்கா?"

"இருக்கு. நீங்களே மறந்துட்டீகளோன்னு பார்த்தேன்."

திருச்செந்தூர் வந்துவிட்டது. கடலில் முங்கி, நாழிக்கிணற்றில் குளித்துவிட்டுத்தான் கோவிலுக்குள் போவது வழக்கம். ஆவுடையம்மாள் அங்கே பல தடவை பஸ்ஸில் வந்திருக்கிறாள். ஆனால் கடலில் முங்கியது கிடையாது. வாத்தியார் தன் பாட்டுக்கு முங்கிவிட்டுப் போய்விடுவார். அவள் கரையில் நின்று காலை நனைத்து, தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு அவர் பின்னால் ஓடுவாள்.

இந்தத் தடவை வாத்தியார் கையை நீட்டினார்.

"வா."

"பயமா இருக்கு."

"நான் பிடிச்சிருக்கேன்ல. வா."

இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றார்கள். முதல் அலைக்கு அவள் கத்தினாள். இரண்டாவது அலைக்குச் சிரித்தாள். மூன்றாவது அலை டிரில் வாத்தியாரையே காலை வாரிவிட்டது. இருவரும் உருண்டார்கள். வாத்தியார் வாய் நிறைய மணலோடு எழுந்து, "ஆவுடை! ஆவுடை!" என்று தேடினார். அவள் கரையில் உட்கார்ந்திருந்தாள். கொண்டை அவிழ்ந்து, கண்ணில் நீர் வழிய, மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள். "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று எழுந்து வந்தாள். வெயில் உச்சிக்கு வரும் வரை அவர்கள் கடலை விட்டு ஏறவில்லை.

குளித்து, சேலை மாற்றி, வரிசையில் நின்று, சன்னதிக்கு முன்னால் வந்தார்கள். தீபாராதனை நடந்துகொண்டிருந்தது. வாத்தியார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து, காதை அவளுடைய வாயருகே கொண்டுபோனார்.

"சொல்லு."

ஆவுடையம்மாள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"சொல்லு ஆவுடை. நகரச் சொல்லப் போறாக."

"என்னங்க..."

"ம்?"

"போயிருச்சுங்க."

"போயிருச்சா?"

"கடல்ல இறங்குற வரைக்கும் இருந்துச்சு. சிரிச்சேன்ல, அதுல எங்கயோ..." ஈரச் சேலையைச் சுருட்டி வைத்திருந்த பையைத் துழாவி முந்தானையை வெளியே இழுத்தாள். முடிச்சு அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை பொங்கிவிட்டது. "நான் பாவி. எத்தனை நாளா ஆசைப்பட்டீக. பாழாக்கிட்டேனே."

வாத்தியார் கோபத்துக்காகக் காத்திருந்தார். கோபம் வழக்கமாக அவருக்கு முன்னாலேயே வந்து நிற்கும். இன்று வரவில்லை. அவள் மணலில் உட்கார்ந்து சிரித்த முகம்தான் வந்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சன்னதி என்றும் பாராமல் சத்தமாகச் சிரித்தார்.

"போனாப் போகுது போ. அழாத. அங்க பாரு, முருகன் எவ்வளவு அழகா நிக்கிறாரு. திரை போட்ருவாக, நல்லா பாரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். அவரும் பார்த்தார். இவ்வளவு சந்தோஷமாக அவர் எந்தக் கோவிலிலும் நின்றதில்லை.

ஆனாலும் ஆசை என்பது பொல்லாதது. ஊர் திரும்பிய மறுநாளே சாமியின் கொட்டகைக்குப் போய் நின்றார். ஆவுடையம்மாள் கொட்டகை வாசலில் உட்கார்ந்து கோவில் பிரசாதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"மறந்துட்டா சாமி" என்றார் வாத்தியார்.

"எதுவரைக்கும் இருந்தது?"

"கடல்ல இறங்குற வரைக்கும்."

"வழியெல்லாம் எப்படிப் போனீங்க?"

வாத்தியார் சொல்ல ஆரம்பித்தார். குடையைச் சொன்னார், நாயைச் சொன்னார், தைலத்தையும் சோடாவையும் எருமைகளையும் சொன்னார். மூன்றாவது அலையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். சாமி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முழுவதையும் கேட்டார். எருமை வந்த இடத்தில் சத்தம் போட்டுச் சிரித்தார்.

எல்லாம் சொல்லி முடிந்ததும் வாத்தியார் குரலைத் தணித்துக்கொண்டார்.

"சாமி, நீங்களே இன்னொருக்கா சொல்லிருங்க. நேரா என் காதுலயே."

"எங்கிட்ட ஏது? அதான் கொடுத்தாச்சே."

"அப்ப என் கதி?"

சாமி வாசல் பக்கம் பார்த்தார். ஆவுடையம்மாள் இலை விபூதியை மூவருக்கும் பங்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போயிரப் போகுது வாத்தியாரய்யா? அந்த அம்மாகிட்டதான் இருக்கு. என்னைக்காவது சட்டுன்னு ஞாபகம் வந்து வாயைத் திறப்பாக. அந்த நேரம் நீங்க பக்கத்துல இருக்கணும்."