உபயம் மாரிச்செல்வி

ஏகாம்பரம் சாருக்கு நாற்பதைத் தாண்டிய பிறகுதான் வாத்தியார் வேலை கிடைத்தது. தலைமையாசிரியை மெர்சி டீச்சர் அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் எந்தச் சந்தேகம் வந்தாலும் சார் அந்த டீச்சரிடம்தான் போய் நிற்பார்.

அன்றும் நின்றார்.

"டீச்சர், அரிசி ஆலை அண்ணாச்சி குடுத்த கிரேயான் டப்பாவைப் பாத்தீங்களா? உபயம்னு ஸ்டிக்கர் ஒட்டி அவர் பேரு, ஆலை பேரு, போன் நம்பர்... அடேயப்பா! இதெல்லாம் ஒரு தானமா?"

"பிள்ளைங்க கலர் அடிக்குதா, இல்லையா?"

"அடிக்குதுங்க."

பொய்யில்லை. டப்பாக்கள் வந்ததிலிருந்து ஒன்றாம் வகுப்பில் காலைநேர அழுகை நின்றே போயிருந்தது. டீச்சரும் அழுகிற பிள்ளைகளுக்குப் பழைய காலண்டர் அட்டையில் பொம்மை வெட்டிக் கொடுத்து மல்லுக்கட்டுவதை விட்டிருந்தார்.

"அப்ப வகுப்புக்குப் போங்க சார். அண்ணாச்சி வர்ற நேரம்."

வந்துவிட்டார். இரண்டாம் வகுப்புக்கான டப்பாக்கள் இன்னும் வேனுக்குள் இருந்தன. அந்த வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேனையே பார்த்தார்கள்.

ஒன்றாம் வகுப்பில் தன் பெயரை ஒவ்வொன்றாகப் பார்த்து மகிழ்ந்துகொண்டே போன அண்ணாச்சி, முத்துராசு என்ற பையனின் டப்பா முன்னால் நின்றார். அதில் ஸ்டிக்கர் சுரண்டி எடுக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் சிவப்பு கிரேயானில், கோணல்மாணலாக எழுதியிருந்தது: உபயம் மாரிச்செல்வி.

"யாருவே இந்த மாரிச்செல்வி?"

ஒரு சிறுமி எழுந்து நின்றாள்.

அண்ணாச்சி வாசலைப் பார்த்துக் கத்தினார். "டிரைவர்! வண்டியைத் திருப்பு!"

ஏகாம்பரம் சார் அவசரமாக அவளிடம் போனார். குனிந்து அவள் காதில் சொன்னார். "தானா கிழிஞ்சுட்டுன்னு சொல்லு தாயி."

"வேண்டாம் சார். நடந்ததை அவளே சொல்லட்டும்" என்றார் டீச்சர்.

மாரிச்செல்வி முத்துராசுவைக் கைகாட்டினாள். "முத்துராசு புதுசா சேந்தான். டப்பா இல்லைன்னு அழுதான். என் டப்பாவைக் குடுத்துட்டேன்."

"குடுத்தா? என் பேரை ஏன் எடுத்தே?"

"குடுத்தவங்க பேருதான எழுதணும்?"

"குடுத்தது நான்!"

"நீங்க எனக்குத்தான தாத்தா குடுத்தீங்க? இவனுக்கு நான்லா குடுத்தேன்."

வெளியே வேன் பின்னால் நகரும் சத்தம் கேட்டது. ஜன்னலில் ஒரு பிள்ளை அழத் தொடங்கியது.

"நில்லுடா!" என்று டிரைவரை அதட்டினார் அண்ணாச்சி. டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு டீச்சர் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

"இதெல்லாம் இவளுக்கு யாரு சொல்லிக்குடுத்தது?"

"எழுத்து மட்டும்தான் நாங்க சொல்லிக்குடுத்தோம் அண்ணாச்சி. மத்தது உங்க டப்பாவோட வந்தது."