முதற்குழியில் மூன்று கற்கள்

ஒரு காட்டின் நடுவே, கைவிடப்பட்ட விடுதி ஒன்றில், விலங்குகள் மாலைதோறும் கூடி வீடியோ விளையாட்டு ஆடி வந்தன. கூரையில் இருந்த சூரியத் தகடு மின்சாரம் தந்தது. பழைய விளையாட்டுகளில் கருங்குரங்கை வெல்ல ஆளில்லை. புதியவற்றை மற்றவை போன பின் தனியே ஆடிப் பழகிய மலையணில் அவற்றில் கெட்டி.

அடைமழைக் காலம் நெருங்கிற்று. கூரை ஒழுகும், விளையாட்டு வட்டுகளில் பூஞ்சை படரும். அவற்றை நனையாமல் காக்க ஒரு தகரப்பெட்டி மட்டுமே உண்டு. அதில் எட்டு வட்டுகளே அடங்கும். பழையவை எட்டு, புதியவை எட்டு!

"பாதிக்குப் பாதி வைக்கலாமே!" என்றது முயல்.

"முடியாது!" என்று முதலில் குரல் கொடுத்தது கருங்குரங்குதான். "நல்லவை முழுவதும் பிழைக்கட்டும். வாதிட்டுப் பார்ப்போம்!"

"நானும் தயார்!" என்றது மலையணில்.

காட்டெருமை நடுவராக அமர்ந்தது. அந்தச் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு விளையாட்டைப் பழிப்பவர் அதை இறுதிவரை ஆடியிருக்க வேண்டும். ஜாய்ஸ்டிக்கின்மேல் கை வைத்து அவ்வாறு உறுதி கூறிய பிறகே வாய் திறக்கலாம்.

கருங்குரங்கு கை வைத்தது. "புதியவை எட்டையும் ஆடி முடித்தேன், அறிந்தே பேசுகிறேன்" என்றது.

உண்மை வேறு. பத்து நாள்களுக்கு முன், கூடத்தில் எவரும் இல்லாத நண்பகலில், புதியவற்றுள் ஒன்றான 'இருட்கோட்டை'யை அது ஆடிப் பார்த்தது. முதற்குழியிலேயே விழுந்தது. மீண்டும் விழுந்தது. மூன்றாம் முறையும் விழுந்தது. விரல்கள் முன்போல் விரையவில்லை. எவரேனும் பார்த்தார்களா என்று சன்னல்வழியே எட்டிப் பார்த்தது. அணைத்தால் தடயம் அழிந்துவிடும் என்று நம்பி, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஓடியது. மற்ற ஏழையும் அது தொடவே இல்லை.

"சபையோரே! பழைய விளையாட்டுகளில் என்ன நிறம், என்ன சிரிப்பு! ஒன்றில் தவளையாகத் தாவலாம். ஒன்றில் மீன் பிடிக்கலாம். ஒன்றில் தேர் ஓட்டலாம். புதியவற்றிலோ எட்டிலும் மழை, எட்டிலும் இருட்டு, எட்டிலும் பல்வலி வந்தவனைப் போல ஒருவன்! எவனோ இருட்டைக் காட்டிப் பெயர் வாங்கினான். உடனே எல்லாரும் விளக்கை அணைத்துவிட்டார்கள்!"

சபை விழுந்து விழுந்து சிரித்தது.

"அண்ணா, மீனும் தேரும் போக, மீதி ஆறும் தாவுகிற ஆட்டம்தானே? தவளை போனால் வெட்டுக்கிளி, வெட்டுக்கிளி போனால் கங்காரு! அவையும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவைதாம்!" என்றது மலையணில். "இருட்டில் தொடங்கினால் இருட்டிலேயே முடியும் என்று யார் சொன்னது?"

"ஆடி முடித்த நான் சொல்கிறேன், தங்கச்சி! கடைசிவரை இருட்டுதான்!"

மலையணில் அதனை ஒரு கணம் உற்றுப் பார்த்தது. பின்பு தலை குனிந்துகொண்டது.

தீர்ப்பு கருங்குரங்குக்கே கிடைத்தது. பழைய வட்டுகள் பெட்டிக்குள் சென்றன.

"எருமையாரே, இருட்கோட்டையைக் கடைசியாக ஒருமுறை ஆடிக்கொள்கிறேன்" என்று கெஞ்சியது மலையணில்.

"ஆடு" என்றது காட்டெருமை.

முதற்குழி வந்தது. மலையணில் அவசர அவசரமாகத் தாவியது. ஆயினும் முயல் கூவியது: "நில்! அந்தக் கற்கள் என்ன?"

ஆடுபவர் தம் பெயரைப் பதிந்தே தொடங்க வேண்டும் என்பதும், அவர் விழும் இடத்தில் அப்பெயர் பொறித்த கல் ஒன்று முளைக்கும் என்பதும் இருட்கோட்டையின் விதி. குழியின் விளிம்பில் மூன்று கற்கள் நின்றன. மூன்றிலும் ஒரே வாசகம்: 'கருங்குரங்கு இங்கே விழுந்தது.'

"விழாமல் யாருக்கு ஆட வரும்?" என்று மழுப்பிய மலையணில் விரைந்து முன்னேறியது.

குழிக்கு அப்பால் மழை நின்றது. மஞ்சள் பூக்கள் நிறைந்த தோட்டம் விரிந்தது. அங்கே குடை விற்கும் பன்றி ஒன்று, "போச்சு, என் வியாபாரம்!" என்று வானத்தைத் திட்டியது. கூடமே அதிரச் சிரித்தது.

காட்டெருமை மட்டும் சிரிக்கவில்லை. "குரங்காரே, இந்தத் தோட்டத்தைப் பற்றி நீர் ஒன்றும் சொல்லவில்லையே?"

கருங்குரங்கின் காதுகள் கொதித்தன. "உனக்கு முன்பே தெரியுமா?" என்று மலையணிலிடம் முணுமுணுத்தது.

"பத்து நாளைக்கு முன்பு, மாலையில் ஆடும்போதே கற்களைப் பார்த்துவிட்டேன், அண்ணா. சபையில் சொல்ல மனம் வரவில்லை."

எல்லாரும் ஏசியிருந்தால்கூட அதற்கு இவ்வளவு வலித்திராது.

"நான் பொய்யுறுதி கூறினேன்" என்றது கருங்குரங்கு. "எட்டில் ஒன்றைக்கூட நான் முடிக்கவில்லை. என் விரல்கள் தளர்ந்ததை மறைக்க, விளையாட்டைப் பழித்தேன். முயல் சொன்னதே சரி. பாதிக்குப் பாதி வையுங்கள்."

அது தன் கையாலேயே நான்கு பழைய வட்டுகளை வெளியே எடுத்தது. நான்காவதாக எடுத்தது, தான் மிகவும் விரும்பிய தவளை ஆட்டம். வெகுநேரம் கையில் வைத்திருந்து, தரையில் வைத்தது. பெட்டியில் அது இருந்த இடத்தில் இருட்கோட்டையை வைக்கப் போன மலையணிலை, "சற்றுப் பொறு" என்று தடுத்தது.

சபை முழுவதும் பார்த்திருக்க, கருங்குரங்கு தன் பெயரைப் பதிந்து ஆடத் தொடங்கியது.

முதற்குழியில் நான்காவது கல் முளைத்தது.

முழுதும் அறியாத ஒன்றை அறிந்ததாகச் சொல்லிப் பழிப்பவர், இறுதியில் தம் அறியாமையையே ஊரறியச் செய்வர்.