கச்சான் எனலாம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் கூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் என் பல்லெல்லாம் கொட்டட்டும். ஏற்கெனவே கொட்டியதைச் சேர்க்காதீர்கள்.

கடலோரப் பல்கலைக்கழகம் ஒன்றில் சூசைமிக்கேல் என்று ஓர் ஆய்வு மாணவர். வயது நாற்பத்தாறு. பதினைந்து வருடம் கட்டுமரம் ஓட்டியவர். மீனவர்கள் காற்றுக்கு வைத்த பெயர்கள்தான் ஆய்வு. நெறியாளர் மங்கையர்க்கரசிக்கு வயது முப்பத்து மூன்று.

"மேடம், எழுத உட்கார்ந்தா கை நடுங்குது."

சூசைமிக்கேல் மேசையில் கை வைத்ததும் பக்கத்து அறையில் டீ தளும்பியது.

"என்ன பயம்?"

"ஆய்வேட்டை ரெண்டு தடவை திருப்பிட்டாங்க. நாளைக்கு ஆய்வுக் குழு கூடுது. மறுபடி திருப்பினா பதிவு ரத்து. பேனாவை எடுத்தாலே, இதைச் சொல்ல நீ யாருடான்னு முதுகுக்குப் பின்னால யாரோ கேட்கிறாங்க."

அதனால் எந்த வாக்கியத்தையும் அவர் துணிந்து முடிப்பதில்லை. 'எனலாம்' என்று ஒரு வால் சேர்ப்பார். கடல் உப்புக் கரிக்கும் எனலாம். விண்ணப்பத்தில் கூட, பெயர்: சூசைமிக்கேல் எனலாம்.

மங்கையர்க்கரசி அவர் எழுதிய நாற்பது தாளையும் வாங்கினார். வேறு நகல் கிடையாது. மூன்றாம் மாடி ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்.

"இப்ப வீசுறது என்ன காத்து?"

மிக்கேல் வெளியே பார்க்காமலே சொன்னார்.

"கச்சான்... எனலாம்."

மங்கையர்க்கரசி ஒரு தாளைக் காற்றில் விட்டார்.

"மேற்கிலிருந்து வீசுவதைக் கச்சான் என்பர்." மிக்கேல் இப்போது பழியை ஊரார் மேல் போட்டார்.

இன்னொரு தாள். அது மீன் சந்தையைத் தாண்டிப் போனது.

"மேடம், என்னோட ஆறு வருஷம்."

"நான் காத்தைத்தான் கேட்டேன்."

மிக்கேல் வெளியே பார்த்தார். தென்னை ஓலைகள் அசைவற்று நின்றன.

"கச்சான் நின்னுபோச்சு. கடல்லேருந்து கொண்டல் வருது. அடிச்சா ஒரு தாள் மிஞ்சாது. கையை உள்ள எடுங்க."

மங்கையர்க்கரசி கையை எடுத்தார். மறு நொடி ஜன்னல் கதவு பிய்ந்து எதிர்ச்சுவரில் போய் ஒட்டிக்கொண்டது.

"இது எந்த நூல்ல இருக்கு? எத்தனாவது பக்கம்?"

"நூல்ல இல்ல மேடம்."

"அப்ப யார் சொன்னது?"

மிக்கேலுக்குக் கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

"நான்."

மங்கையர்க்கரசி பேனாவை நீட்டினார்.

அந்த ஜன்னலைப் பற்றி இன்னும் விசாரணை நடக்கிறது. கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று கேட்டால் மட்டும், ஐயா, என் பெயர் வேண்டாம்.