ஒன்றுமில்லாதவருக்கு வந்த கடிதம்

"ஜெயிச்சுட்டனுங்கம்மா. ஆனா தூக்கம் வர்றதில்லைங்க" என்றார் சென்னியப்பன்.

மலையடிவார மடத்து அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். சென்னியப்பனைவிடப் பத்து வயது சின்னவர். அவரைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் அழுதுவிட்டுப் போவார்கள். மீதிப் பேர் திட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

"எதுல ஜெயிச்சீங்க?"

"விவாகரத்துலங்க."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "அதுல ஜெயிக்க வேற முடியுமா?"

சென்னியப்பன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். வலி முகத்தில் தெரிந்தது.

"இருபத்திமூணு வருசம் குடித்தனம் பண்ணிட்டு என் சம்சாரம் சுலோச்சனா தனியாப் போயிட்டா. என் கோபம் தாங்கலையாம். ஜீவனாம்சம் கேட்டு வக்கீல் வெச்சா. ரெண்டு பேரும் அவங்கவங்க சொத்தை எழுதிக் குடுங்கன்னு கோர்ட்டுல சொன்னாங்க. எழுதிக் குடுத்தேன். அதைப் பார்த்துட்டு, எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு அவளே எழுதிக் குடுத்துட்டா. போன மாசம் தீர்ப்பு ஆயிருச்சு."

"என்ன எழுதினீங்க?"

சென்னியப்பன் சட்டைப்பையிலிருந்து நகலை எடுத்து நீட்டினார். அம்மா வாங்கவில்லை. கையெல்லாம் மொச்சைத் தோல்.

"நீங்களே படிங்க."

"மோட்டார் பம்பு செட் கடை, நஷ்டத்தில் மூடப்பட்டது. தோப்பு, இல்லை. வாகனம், இல்லை. வங்கி இருப்பு, ஆயிரத்து நூற்றுப் பத்து ரூபாய்."

"அப்புறம்?"

"அவ்வளவுதானுங்க."

அம்மா உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ராசாத்தி, ஒரு தட்டும் ரெண்டு வேட்டியும் கொண்டா."

சமையல்கட்டிலிருந்து ராசாத்தி வந்தாள். பழைய வேட்டிகள், சோப்புப் போட்டுத் துவைத்தவை. ஓரம் நெளிந்த அலுமினியத் தட்டு. இரண்டையும் சென்னியப்பன் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

"எதுக்குங்கம்மா இது?"

"இல்லாதவங்களுக்கு இங்க மூணு வேளைச் சோறு, ரெண்டு வேட்டி. மடத்து வழக்கம்."

சென்னியப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது. வெளியே வேப்பமரத்தடியில் அவர் வந்த கார் நின்றது. வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"அம்மா, இது கோர்ட்டுக்கு எழுதினதுங்க."

"சரி."

"கடை நல்லாத்தானுங்க ஓடுது. அக்கா பையன் பேருக்கு மாத்தியிருக்கேன். தோப்பு மச்சான் பேர்ல இருக்குது. எல்லாரும் பண்றதுதானுங்க."

"எனக்கு எப்படித் தெரியும்? இல்லைன்னு சொன்னா இங்க மறுகேள்வி கேக்கிறதில்லை."

"அவளும் கேக்கலைங்கம்மா" என்றார் சென்னியப்பன்.

அம்மா உரித்துக்கொண்டே இருந்தார். மனுசன் பேசி முடிக்கும்வரை அவசரப்படுத்தும் பழக்கம் அவருக்கு இல்லை.

"கேப்பாள்னு நெனச்சேன். கத்துவாள், கணக்குப் புஸ்தகத்தைக் கொண்டாம்பான்னு நெனச்சேன். பதில்கூடத் தயார் பண்ணி வெச்சிருந்தேன். கேக்கவே இல்லை."

"அதனாலதான் தூக்கம் வரலையா?"

"இல்லைங்க." இடுப்பு வேட்டியின் மடிப்பிலிருந்து ஒரு கவரை எடுத்தார். "போன வாரம் அவ வக்கீல் இதைக் கொண்டாந்து குடுத்தார்."

கவரைக் கவிழ்த்தார். இரண்டு தங்க வளையல்கள் தரையில் விழுந்து உருண்டன. பின்னாலேயே நான்காக மடித்த ஒரு தாள்.

"எத்தனை பவுன்?"

"நாலு. அவ கையில இருந்தது அது மட்டுந்தானுங்க. அவ எழுதிக் குடுத்த பட்டியல்லயும் அதான் இருக்குது. வளையல் ரெண்டு. தையல் மெசின் ஒண்ணு. கைப்பையில முந்நூத்தி நாப்பது ரூபாய். அதைக்கூட எழுதியிருக்கா, பைத்தியக்காரி."

தரையில் கிடந்த தாளை மட்டும் கையில் எடுத்தார்.

"தாளைப் படிங்க" என்றார் அம்மா.

"வேண்டாமுங்க."

"படிங்க."

சென்னியப்பன் படித்தார்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணுமே இல்லைன்னு பேப்பரைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். கடை இப்படி நொடிஞ்சு போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லலையே. அந்த வேதனையிலதான் என் மேல எரிஞ்சு விழுந்தீங்கன்னு இப்பத்தான் புரியுது. முன்னாடியே சொல்லியிருந்தா நான் வீட்டை விட்டுப் போயிருக்க மாட்டேன். இந்த வளையலை வித்து முழங்கால் ஆபரேசனைப் பண்ணிக்குங்க. தள்ளிப் போடாதீங்க. எனக்குத் தையல் வருது, நான் பொழச்சுக்குவேன். சுலோச்சனா."

உள்ளே ராசாத்தி பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

"திருப்பிக் குடுத்துரட்டுங்களா அம்மா? உண்மையைச் சொல்லி?"

"சொன்னா?"

"இருபத்திமூணு வருசம் யாரோட குடும்பம் நடத்துனோம்னு தலையில அடிச்சுக்குவா."

"சொல்லலைன்னா?"

சென்னியப்பன் மடியிலிருந்த தட்டின் நெளிவை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கு அழவும் வரவில்லை.

பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல், "எப்படியோ மன்னிச்சுட்டா. அது ஒண்ணுதானுங்க எனக்கு ஆறுதல்" என்றார்.

அம்மா மொச்சைக் கூடையை ஓரமாகத் தள்ளினார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"யாரை மன்னிச்சாங்க?"

"என்னைத்தானுங்க."

"உங்க கடை நொடிஞ்சுதா?"

"இல்லைங்க."

"அந்த வேதனையிலதான் எரிஞ்சு விழுந்தீங்களா?"

"இல்லைங்க. என் குணமே அதுதானுங்க."

"ஆபரேசனுக்குக் காசு இல்லாம இருக்கீங்களா?"

சென்னியப்பன் அப்படியில்லையென்று தலையை ஆட்டினார். கோர்ட்டு நகல் ஒரு கையில் இருந்தது. கடிதம் இன்னொரு கையில். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நகலின் கடைசி வரியில் அவருடைய கண் நின்றது. மேலே கண்டவை அனைத்தும் உண்மை, எதையும் மறைக்கவில்லை என்று எழுதி, கீழே அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"அவ எழுதியிருக்கிறது இந்தப் பேப்பர்ல இருக்கிறவனுக்குங்க" என்றார்.

"அவர் எங்க இருக்கார்?"

"அப்படி ஒருத்தன் இல்லீங்கம்மா."

அம்மா குனிந்து வளையல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கவரில் போட்டார். சென்னியப்பன் கையிலிருந்த கடிதத்தை மெல்ல உருவி, பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்தார்.

"அப்புறம் எதுக்கு அடுத்தவர் கடிதத்தைப் பிரிச்சீங்க?"