ஏகாரத்துக்கு வால் முளைத்தது

மணல்மேட்டு மடத்தில் குருவைவிடச் சீடர்கள் எல்லாருமே வயசில் மூத்தவர்கள். குட்டுவன் அதிலும் மூத்தவன். அன்றைக்குப் பாட்டு விழா, ஊரே திரண்டு வரப்போகிறது. அவன் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"குருவே, கண்டுபிடிச்சிட்டேன்! பாட்டைக் கெடுக்கிறது யாருன்னு!"

நங்கை குரு முற்றத்தில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். "யாரு?"

"முத்தாரி. அந்த உப்பளத்துக்காரி. 'ஏ'ன்னு இழுக்கிறா, முடியும்போது 'ஏஇ'ன்னு ஆயிடுது. ஒரு உயிரெழுத்து ரெண்டாகி நிக்குது! 'ஏ' மாறினவங்களுக்கு இங்க இடமில்லைன்னு கிளம்பச் சொல்லிட்டேன்."

வாசலில் முத்தாரி மூட்டையோடு நின்றாள். கண் சிவந்திருந்தது. "நான் மாத்தலைங்க. அதுவா வருது."

"பாருங்க, பொய் வேற!"

குரு நீளமான ஒரு புல்லை அவனிடம் நீட்டினாள். "கீழ்ப்பல்லு மேல வை. உள்முனை நாக்குல இருக்கட்டும். நாக்கு ஏறினா வெளிநுனி சாயும். மூச்சு தீர்ற வரைக்கும் 'ஏ' பாடு."

குட்டுவனுக்கு ஒரே குஷி. நெஞ்சை நிமிர்த்தி எடுத்தான். சும்மா சொல்லக் கூடாது, கணீரென்ற குரல். சீடர்கள் சுற்றி நின்று புல்லையே பார்த்தார்கள். அசையவில்லை. அசையவேயில்லை. மூச்சு தீரப்போகிற நேரத்தில் நுனி மெல்லச் சாய்ந்தது.

"சாஞ்சிடுச்சு! சாஞ்சிடுச்சு!"

"டேய், நான் அசைக்கவே இல்லடா!"

"அதைத்தானே அண்ணே நானும் சொன்னேன்" என்றாள் முத்தாரி.

அவ்வளவுதான். ஆளாளுக்குப் புல்லைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டு கத்தினார்கள். ஒருத்தர் புல்லும் நிற்கவில்லை. கடைசியில் குருவே பாடினாள். அதுவும் சாய்ந்தது. மடமே சிரித்துப் புரண்டது.

குட்டுவன் மட்டும் சிரிக்கவில்லை. சட்டம் போட்டவன் அவனாயிற்றே. உள்ளே போய்த் தன் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தான்.

"சொன்னா சொன்னதுதான். கிளம்பறேன் குருவே. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. 'ஏ' மாறாத ஆளே எங்கயும் கிடையாதா?"

"இருக்கான்."

குட்டுவன் முகம் மலர்ந்தது. "யாரு? எங்க இருக்கான்? அவன்கிட்டயே போய்க் கத்துக்கறேன்!"

"இதுவரைக்கும் ஒரு பாட்டும் பாடாதவன்."

வெளியே ஊர்ச்சனம் வந்து உட்கார்ந்துவிட்டது. முத்தாரி போய் நின்று 'ஏ' என்று எடுத்தாள்.

குட்டுவன் மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டான்.