மூன்றாம் துளை

"இந்த மவுத் ஆர்கன்ல கோளாறு இருக்கு தம்பி," என்றார் வேதமுத்து.

மெல்ராய் ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"எங்கே சார்?"

"மூணாவது ஓட்டை. ஊதினா சத்தம் வருது. இழுத்தா செத்துப்போகுது."

"கொடுங்க."

துண்டால் துடைத்துவிட்டு, மெல்ராய் அதே ஓட்டையில் உதட்டை வைத்து மூச்சை உள்ளே இழுத்தான். சுரம் நேராக எழுந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெல்லக் கீழே சரிந்தது, அழுகையை அடக்குகிறவர் குரல் உடைவதைப் போல.

"கோளாறு இல்லை சார்."

வேதமுத்து அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாற்றிக் கொடுத்தால் தெரியட்டும் என்று முந்தின நாளே ஊசியால் ஓரத்தில் ஒரு கீறல் போட்டு வைத்திருந்தார். கீறல் இருந்தது. அதே மவுத் ஆர்கன்தான்.

"என்ன பண்ணீங்க?"

"இழுத்தேன்."

"நானும் இழுக்கத்தானே செஞ்சேன்!"

"நீங்க இழுக்கல சார். பிடுங்குறீங்க."

*

மெல்ராய் சரக்கு ரயில் கார்டு. வயது முப்பதைத் தாண்டவில்லை. போத்தனூர் ரயில்வே காலனியில் செங்கல் வீடு ஒன்றில் தனியாக இருந்தான். வண்டி இல்லாத நாட்களில், கேட்டு வருகிறவர்களுக்கு மவுத் ஆர்கன் சொல்லிக்கொடுப்பான். அதிலும் புளூஸ் மட்டும்தான். பருத்திக் காட்டில் அடிமைகளாக உழைத்த கறுப்பு மக்களின் பிள்ளைகள் அமெரிக்காவில் உண்டாக்கிய இசை அது. சினிமாப் பாட்டு வாசிக்கக் கேட்டு வந்தவர்களை வேறு ஆளிடம் அனுப்பிவிடுவான்.

வேதமுத்து அவனைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விசாரணை செய்கிறவர். எரிந்த குடோனில் நின்று சாம்பலை முகர்ந்தே, மின்கசிவா மண்ணெண்ணெயா என்று சொல்லிவிடுவார். அவரிடம் பொய் சொல்லித் தப்பித்தவர்கள் குறைவு.

மெல்ராயிடம் அவர் தன் தொழிலைச் சொல்லவில்லை. ஹார்டுவேர் கடை வைத்திருப்பதாகச் சொன்னார்.

அவர் வந்தது மவுத் ஆர்கனுக்காக இல்லை. மனைவிக்காக.

கிருபாவதி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுடைய சேலைகளுக்கு நடுவில் ஒருநாள் அவர் ஒரு மவுத் ஆர்கனைப் பார்த்தார். இருந்தது இருந்தபடியே வைத்துவிட்டு, அன்று சாப்பிடும்போது கேட்டார்.

"புதன்கிழமையானா லேட்டாகுதே, ஏன்?"

"ஸ்பெஷல் கிளாஸ்," என்றாள்.

பள்ளிக்கூடத்தில் விசாரித்தார். ஸ்பெஷல் கிளாஸ் எதுவும் இல்லை.

அடுத்த புதன்கிழமை அவள் பின்னாலேயே போனார். அவள் இந்தச் செங்கல் வீட்டுக்குள் போனாள். கதவு மூடியது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம். அவள் அழுகிறாள் என்று முதலில் நினைத்தார். பிறகுதான் அது வாத்தியம் என்று புரிந்தது. புரிந்த பிறகு இன்னும் கசந்தது.

அந்தச் சனிக்கிழமை, முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு அதே கதவைத் தட்டினார்.

"மவுத் ஆர்கன் கத்துக்கணும் தம்பி."

*

வகுப்புக்கு வரும்போதெல்லாம் அவர் கண் வாத்தியத்தில் இருக்காது. அலசிக் கவிழ்த்த டம்ளர்களைப் பார்க்கும். கொடியில் கிடக்கும் துணியைப் பார்க்கும். ஒருநாள் நாற்காலிக்கு அடியில் ஒரு ஹேர்பின் கிடந்தது. கைக்குட்டையைத் தவறவிட்டதுபோல் குனிந்து அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டில் கிருபாவதியின் ஹேர்பின்களோடு ஒப்பிட்டார். எல்லா ஹேர்பின்னும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

மெல்ராய் எதையும் கவனிக்காதவன்போல் பாடம் நடத்தினான்.

"இதுதான் புளூஸ் வரிசை," என்று ஒருநாள் கீழிருந்து மேலே வாசித்துக் காட்டினான். சில சுரங்கள் நேராக நின்றன. சில, நிற்க இடமில்லாமல் சரிந்து கிடந்தன.

வேதமுத்து வாசித்தார். பள்ளிப் பிள்ளைகளின் காலை வணக்கம்போல் ஒலித்தது.

அடுத்த வகுப்புக்கு அவர் வரும்போதே முகம் இறுகியிருந்தது.

"நீங்க என்னை ஏமாத்துறீங்க."

"என்ன சார்?"

"ஒவ்வொரு ஓட்டையா ஊதியும் பார்த்துட்டேன், இழுத்தும் பார்த்துட்டேன். நீங்க வாசிக்கிற சில சுரம் இந்த வாத்தியத்துலயே இல்லை."

"இல்லைதான் சார்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வான் என்று வேதமுத்து எதிர்பார்க்கவில்லை. இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிறவர்களை அவர் ஒருபோதும் நம்பியதில்லை.

"அப்ப அது எங்கிருந்து வருது? தொண்டையில பாடுறீங்களா?"

மெல்ராய் ஸ்குரூ டிரைவரை எடுத்து மவுத் ஆர்கனின் மேல்மூடியையும் கீழ்மூடியையும் கழற்றினான். உள்ளே வரிசையாகப் பித்தளைத் தகடுகள், நாக்கு நாக்காக.

"ஒரு ஓட்டைக்குள்ள ரெண்டு நாக்கு இருக்கு சார். ஊதினா மேல் நாக்கு பேசும். இழுத்தா கீழ் நாக்கு பேசும்."

"சுரத்தைக் கீழே வளைக்கும்போது?"

"நான் வாசிக்கிறேன். எது பேசுதுன்னு நீங்களே பிடிங்க. உங்க வேலைதானே அது?"

"என் வேலை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மெல்ராய் மூடியில்லாத வாத்தியத்தை வாயில் வைத்து மூன்றாவது ஓட்டையை இழுத்தான். சுரம் நேராக வந்தது. கண்ணால் கீழ்ப்பக்கத்தைக் காட்டினான்.

வேதமுத்து கீழ் நாக்கை விரலால் தொட்டார். சத்தம் நின்றது.

மெல்ராய் மறுபடி இழுத்தான். இந்த முறை சுரத்தைக் கீழே வளைத்து, அங்கேயே நிறுத்தினான்.

வேதமுத்து அதே நாக்கைத் தொட்டார். சத்தம் நிற்கவில்லை.

அழுத்தினார். அப்போதும் நிற்கவில்லை.

விரலைச் சட்டென்று எடுத்துவிட்டார். மூலையில் இருந்த விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவினார். மேல் தகட்டின் இடுக்கு வழியாக மேல் நாக்கைத் தொட்டார். வளைந்திருந்த சுரம் துள்ளி நேரானது.

"இழுக்கும்போது மேல் நாக்கு சும்மா இருக்கும்னுதானே சொன்னீங்க?"

"நேரா இழுத்தா சும்மாதான் இருக்கும்."

"இப்ப?"

"கீழே இருக்கிறது தணிஞ்சு கொடுத்தா, மேலே சும்மா இருந்தது பேச ஆரம்பிக்கும்."

வேதமுத்து அந்தச் சின்னப் பித்தளைத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, கேட்கக்கூடாது என்று இத்தனை நாள் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டார்.

"என் சம்சாரம் இங்கே எதுக்கு வர்றா?"

மெல்ராய் மூடிகளை எடுத்துப் பொருத்தி, திருகாணியை முடுக்கினான்.

"இன்னைக்காவது கேட்டீங்களே சார்."

"நான் யாருன்னு தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். கதவைத் திறந்ததும் நீங்க என் முகத்தைப் பார்க்கல. வாசல்ல கிடந்த செருப்பைப் பார்த்தீங்க. உங்க வேலை என்னன்னு டீச்சர் முன்னாடியே சொல்லியிருந்தாங்க."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"டீச்சரைக் கேளுங்க."

"கேட்டேன். பொய் சொன்னா."

"எப்படிக் கேட்டீங்க?"

மெல்ராய் மவுத் ஆர்கனை அவர் கையில் கொடுத்தான்.

"மூணாவது ஓட்டை. இழுங்க."

வேதமுத்து கோபத்தோடு இழுத்தார். கதவிடுக்கில் வால் மாட்டிய பூனைபோல் அது ஒருதரம் கத்திவிட்டு அடங்கியது.

"இப்படியா கேட்டீங்க?" என்றான் மெல்ராய்.

வேதமுத்து வாத்தியத்தை மேஜைமேல் போட்டுவிட்டு வெளியேறினார்.

*

புதன்கிழமை ஆபீசில் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். காலனியில் அந்த வீட்டுக்கு எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் பின்னால் நின்றார். இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். பிடித்த பிறகு என்ன செய்வது என்று மட்டும் யோசிக்கவில்லை.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது கிருபாவதி வந்தாள். பள்ளிக்கூடப் பையோடு உள்ளே போனாள். கதவு மூடியது.

சத்தம் தொடங்கியது.

வேதமுத்து தெருவைக் கடந்தார். ஜன்னலை நெருங்கினார்.

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

திரும்பினார். மெல்ராய் நின்றுகொண்டிருந்தான், கையில் பால் பாக்கெட்டோடு.

"நீங்க இங்கே இருக்கீங்க. அப்ப உள்ளே யாரு?"

"டீச்சர்."

"கூட?"

"யாரும் இல்லை."

வேதமுத்து நம்பவில்லை. ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

அறையில் அவள் மட்டும் இருந்தாள். முதுகு காட்டி, சுவரைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தோள்கள் குலுங்கின. வாத்தியம் எங்கே நிற்கிறது, அவள் மூச்சு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை.

வேதமுத்து கண்ணை எடுத்துக்கொண்டார்.

"நான் உள்ளே இருந்தா டீச்சர் வாசிக்க மாட்டாங்க," என்றான் மெல்ராய் மெதுவாக. "அதனால அவங்க வர்றதுக்கு முன்னாடியே வீட்டைத் திறந்து வச்சுட்டுக் கடைக்குப் போயிடுவேன்."

"அப்புறம் என்னத்தைத்தான் சொல்லிக்கொடுக்கிறீங்க?"

"முதல்ல கொஞ்சம் சொல்லிக்கொடுத்தேன். இப்ப பால் வாங்கிட்டு வர்றேன்."

மெல்ராய் வாசற்படியில் உட்கார்ந்தான். எங்கே போவது என்று தெரியாமல் வேதமுத்துவும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

உள்ளே சுரம் எழுந்தது, சரிந்தது, மறுபடி எழ முயன்றது.

"எதுக்கு மாஸ்டர் அழறா?"

"நான் கேட்டதில்லை சார்."

வேதமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது.

கிருபாவதியின் தம்பி ஜெயசீலன். போன வருஷம் பாலக்காட்டு ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனான். ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் கிருபாவதி அழுவதற்கு வாயைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற வேதமுத்து கேட்டுக்கொண்டிருந்தார். ஹெல்மெட் போட்டிருந்தானா? வண்டி என்ன வேகத்தில் போனது? கடைசியாக அவன் யாரிடம் பேசினான்? எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் அவர் கேட்கிற கேள்விகள்தான்.

அவள் வாய் மூடிக்கொண்டது. அடக்கம் முடியும்வரை அழவில்லை. அதற்குப் பிறகும் அவர் அவள் அழுது பார்த்ததில்லை. நெஞ்சழுத்தக்காரி என்று உறவுக்காரர்களிடம் பெருமையாகவே சொல்லியிருந்தார்.

உள்ளே சத்தம் நின்றது.

கதவு திறந்தது. கிருபாவதி முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்தாள். படியில் இருந்தவரைப் பார்த்தாள். கை பாதியில் நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் பூட்டிக்கொண்டது.

கேள்விக்காகக் காத்து நின்றாள்.

கேள்விகள் இருந்தன. எத்தனை நாளாக? ஏன் மறைத்தாய்? யார் சொல்லி வந்தாய்? எல்லாம் தொண்டைவரை வந்து வரிசையாக நின்றன.

வேதமுத்து மூச்சை இழுத்தார். மெல்ல இழுத்தார்.

ஒன்றையும் கேட்கவில்லை. படியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"பால் திரிஞ்சிடும்," என்று சொல்லி மெல்ராய் எழுந்து உள்ளே போனான்.

கிருபாவதி வெகுநேரம் நின்றாள். பிறகு படியின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். பையை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

காலனிக்குப் பின்னால் ஒரு சரக்கு ரயில் போனது. நீளமான வண்டி. அதன் சத்தம் முழுக்க ஓய்ந்து, மரத்தில் குருவிகளின் சத்தம் கேட்கத் தொடங்கியது. அவர் அப்போதும் கேட்கவில்லை.

"அன்னைக்குக் காலையில ஜெயசீலன் எனக்குப் போன் பண்ணினான்," என்றாள் அவள்.

வேதமுத்து அவள் முகத்தைப் பார்க்கத் திரும்பவில்லை.

"ஸ்டாஃப் ரூம்லதாங்க இருந்தேன். அப்புறமாப் பேசிக்கலாம்னு..."

அவள் குரல் நேராக நிற்க முடியாமல் கீழே சரிந்தது.

"நான் எடுக்கல."