கட்டம் போட்ட யூனிஃபார்ம்

நாகர்கோவிலில் அந்தக் காலத்திலேயே பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் படித்த பிள்ளை ஜெசிந்தா. அம்மா மீன் கழுவும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் அதுதான் அறிவியல் வகுப்பு. பேச்சில் மட்டும் அவளை யாராலும் மடக்க முடியாது.

ஒருநாள் மாவட்டப் பேச்சுப் போட்டிக்குப் போனாள். போட்டி நடந்த பள்ளியின் தாளாளர் வாசலிலேயே மறித்தார்.

"யூனிஃபார்ம் எங்க? அது இல்லாம மேடை ஏற முடியாது."

"நான் வீட்டுலதான் படிக்கேன் சார்."

"அப்போ உங்க வீட்டு யூனிஃபார்மைப் போட்டுட்டு வா, பார்ப்போம்!" என்று உடம்பு குலுங்கச் சிரித்தார்.

ஜெசிந்தா வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது குடும்பமே கூட வந்தது. கிறிஸ்துமஸுக்கு அப்பா ஒரே பீஸில் வெட்டி வாங்கிய பச்சைக் கட்டத் துணியில் அவளுக்குப் பாவாடை, தம்பிக்கு நிக்கர், அம்மாவுக்கு ஜாக்கெட், அப்பாவுக்குச் சட்டை.

"எங்க ஸ்கூல்ல ஹெட்மாஸ்டரும் யூனிஃபார்ம் போடணும் சார். உங்க ஸ்கூல்ல நீங்க போடலியா?" என்று அப்பாவின் சட்டையைக் காட்டிக் கேட்டாள் ஜெசிந்தா.

கூட்டம் மொத்தமும் தாளாளரின் பட்டு ஜிப்பாவைப் பார்த்தது. அவர் ஒதுங்கி வழிவிட்டார். கோப்பை அவளுக்குத்தான்.

மிச்சத் துணியில் அம்மா தைத்த தலையணை உறை இன்னும் இருக்கிறது, பச்சைதான் வெளுத்துவிட்டது. மத்தியானம் அதில் தலை வைத்துப் படுத்திருக்கும் ஜெசிந்தாவை மகள் எழுப்பினால், கண்ணைத் திறக்காமலே சொல்வாள்:

"சும்மா இரு மக்களே, பள்ளிக்கூடத்துல தூங்கிட்டு இருக்கேன்."